திலங்கா, சாவுஷ், சிப்பந்தி: படையாளைக் குறித்த பழஞ்சொற்களும் ஐதராபாத்தும்

1857 மே 10ஆம் நாள் மீரட்டில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் மறுநாள் காலை யமுனையைக் கடந்து தில்லிக்குள் நுழைந்தனர். செப்டம்பரில் ஆங்கிலேயர் மீண்டும் கைப்பற்றும் வரை நகரம் அவர்கள் கையில் இருந்தது. அந்நாள்களில் தில்லி மக்கள் எழுதிய உருது விண்ணப்பங்களிலும், பின்னர் எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகளிலும் இச்சிப்பாய்களைக் குறிக்க ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அது 'திலங்கா', பன்மையில் 'திலங்கே'. கடையைச் சூறையாடியவன் திலங்கா, வீட்டுக்குள் புகுந்தவன் திலங்கா, கோட்டை வாயிலில் காவல் நின்றவனும் திலங்கா.

இச்சொல்லின் நேர்ப்பொருள் 'தெலுங்கு நாட்டான்' என்பது. தில்லி அவைகளில் பாரசீக மொழியில் வரலாறு எழுதியோர், வாரங்கலைத் தலைநகராகக் கொண்ட காக்கத்திய நாட்டைத் 'திலங்' என்றே குறித்தனர். ஆனால் 1857இல் தில்லியை நிறைத்திருந்தவர்கள் தெலுங்கர் அல்லர். அவர்களுள் பெரும்பாலோர் அவதிலும் பீகாரிலும் பிறந்தவர்கள். அவதியும் போஜ்புரியும் பேசியவர்கள். பிராமணர், இராஜபுத்திரர் முதலிய வகுப்பினர். கோதாவரியைக் கண்ணால் கண்டிராத ஒருவனைத் தில்லிக் கடைக்காரர் 'தெலுங்கன்' என்று அழைத்தது எவ்வாறு நேர்ந்தது?

அதே ஆளுக்கு அதே ஆண்டில் வழங்கிய பிற பெயர்களையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். தில்லியிலும் பஞ்சாபிலும் அவனுக்குப் 'பூர்பியா', அதாவது கிழக்கத்தியான், என்ற பெயரும் உண்டு. ஆங்கிலப் படைவீரர் அவனைப் 'பாண்டி' என்றனர். 1857 மார்ச் 29ஆம் நாள் பாரக்பூரில் தன் அதிகாரிகளை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிய மங்கள் பாண்டேயின் குடும்பப் பெயரே எதிரணி முழுமைக்கும் இழிபெயராக ஆக்கப்பட்டது. அவன் தன்னைச் சொல்லிக்கொண்டது 'சிபாஹி' என்று. நான்கு பெயர்களுள் மூன்று பிறர் இட்டவை. ஒன்றுதான் அவன் தொழிலின் பெயர்.

படையாளைக் குறித்த பழைய பேச்சுவழக்குச் சொற்களை இவ்வாறு இரண்டாகப் பகுக்கலாம்: ஊர் இட்ட பெயர், படை இட்ட பெயர். ஊர் இட்ட பெயர் பெரும்பாலும் 'எங்கிருந்து வந்தவன்' என்னும் கேள்விக்கு விடையாக அமையும். படை இட்ட பெயர் 'என்ன பதவி, யாரிடம் சம்பளம்' என்பதைச் சொல்லும். படை கலைந்த பின்னர் இவ்விரு வகைச் சொற்களும் வெவ்வேறு வழியில் சென்றன. ஊர்ப்பெயர் இனப்பெயராக நிலைத்தது. பதவிப்பெயர் அலுவலகத்திற்குள் நுழைந்து ஊழியப்பெயராக இறங்கியது. இப்பொதுப்போக்கிலிருந்து விலகிய சொற்களும் உண்டு. அவற்றுள் குறிப்பிடத்தக்க இரண்டு ஐதராபாத்தோடு தொடர்புடையவை. ஒன்று இந்நிலத்திலிருந்து வெளியே சென்ற 'திலங்கா'. மற்றொன்று வெளியிலிருந்து இங்கு வந்த 'சாவுஷ்'.

திலங்காவின் கதை சென்னையில் தொடங்குகிறது. ஐரோப்பிய முறையில் பயிற்றப்பட்ட இந்தியக் காலாட்படை முதன்முதலில் தன் வலிமையைக் காட்டியது சோழமண்டலக் கரையில்தான். 1746இல் அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாபின் பெரும்படையைப் பிரெஞ்சுக்காரரின் சிறுபடை முறியடித்தது. அச்சிறுபடையில் உள்நாட்டுச் சிப்பாய்களும் இருந்தனர். ஆங்கிலக் கம்பெனியும் விரைவில் அதே வழியைப் பின்பற்றியது. 1756இல் கல்கத்தா வங்காள நவாபின் கைக்குச் சென்றபோது, அதை மீட்கக் கிளைவும் வாட்சனும் சென்னையிலிருந்து கப்பலேறினர். அவர்களோடு சென்ற சென்னைச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். 1757 சனவரியில் கல்கத்தா மீட்கப்பட்டது. ஜூன் 23இல் பிளாசிப் போர் நடந்தது. சிவப்புச் சட்டையும் தோளில் துப்பாக்கியுமாக வரிசை குலையாமல் நடந்த உள்நாட்டு வீரனை வங்காளம் கண்டது அப்போதுதான். அவன் தெற்கிலிருந்து வந்தவன். தெற்குக் கரை முழுவதும் வடவர்க்குத் 'திலங்'. ஆகவே அவன் திலங்கா.

சென்னைப் படையில் தெலுங்கர் மட்டும் இருந்ததில்லை. தமிழரும் தக்கண முஸ்லிம்களும் கணிசமாக இருந்தனர். ஆகவே வங்காளத்தார் 'திலங்கா' என்றழைத்த முதல் தலைமுறையிலேயே ஒரு பகுதியினர் தமிழ் பேசியிருக்க வேண்டும். சொல் பிறந்த நாளிலேயே அதன் பொருள் முழுக்கச் சரியானதாக இல்லை. ஊர் இடும் பெயர் அவ்வளவு நுட்பம் பார்ப்பதில்லை. கப்பல் எத்துறையிலிருந்து வந்தது என்பதே அதற்குப் போதுமானது.

அதன்பின் கம்பெனி வங்காளத்திலேயே ஆள் சேர்த்தது. 1757இல் திரட்டப்பட்ட முதல் பட்டாளம் உடையின் நிறத்தால் 'லால் பல்டன்' எனப்பட்டது. அதில் சேர்ந்த வடநாட்டாரும் அதே உடை உடுத்து, அதே பயிற்சி பெற்று, அதே பெயரையும் பெற்றனர். வங்காள நவாப் மீர் காசிம், அவத் நவாப் சுஜா உத் தௌலா ஆகியோர் கம்பெனியைப் பார்த்துத் தாமும் அத்தகைய படைகளைத் திரட்டியபோது அவர்களும் திலங்காக்கள் ஆயினர். குலாம் உசேன் கான் 1780களின் தொடக்கத்தில் எழுதி முடித்த 'சியர் உல் முதாகரீன்' என்னும் பாரசீக வரலாற்றில் இச்சொல் இப்பொருளிலேயே வழங்குகிறது. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஆப்சன் ஜாப்சன்' அகராதியும் இவ்விரிவைப் பதிவு செய்துள்ளது. சொல் அங்கும் நிற்கவில்லை. நேபாள அரசு கம்பெனி முறையில் அமைத்த நிலைப்படையின் வீரனுக்கும் அங்குத் 'திலங்கா' என்றே பெயர். அணிவகுத்து நடக்கும் சிப்பாய்களைச் சுதைச் சிற்ப வரிசையாகக் கொண்ட காத்மாண்டுவின் பழைய மாளிகை ஒன்று இன்றும் திலங்கா வீடு எனப்படுகிறது.

இடப்பெயர் தொழிற்பெயரான இம்மாற்றம் தனித்த நிகழ்வன்று. தமிழர் அன்றாடம் பயன்படுத்தும் 'கூர்க்கா' என்ற சொல்லே இதற்கு நேரான இணை. கூர்க்கா நேபாளத்தின் ஒரு சிற்றூர். அவ்வூரிலிருந்து எழுந்த அரசின் படையாளுக்கு அது பெயராயிற்று. பின்னர் ஆங்கிலேய இந்தியப் படையின் ஒரு பிரிவுக்குப் பெயராயிற்று. இன்று தமிழ்நாட்டுத் தெருவில் இரவில் விசில் ஊதிச் செல்பவர் எந்த மாநிலத்தவராயினும் கூர்க்காதான். நேபாளம் தன் படையாளைத் தெலுங்கன் என்றது; தமிழகம் தன் இரவுக் காவலரை நேபாளி என்கிறது. பிரெஞ்சு மொழியில் 'சுவிஸ்' என்பது ஒரு காலத்தில் வாயிற்காவலரைக் குறித்தது. உருசிய மொழியில் வாயிற்காவலருக்கு வழங்கும் 'ஷ்வெய்ட்சார்' என்பதும் சுவிட்சர்லாந்தாரைக் குறித்த செர்மன் சொல்லின் திரிபே. இரண்டுக்கும் பின்னால் ஐரோப்பிய அரசர்களிடம் கூலிப்படையாகச் சென்ற சுவிஸ் வீரர்கள் நிற்கின்றனர். மலேசியாவில் சீக்கியரைத் தமிழர் 'வங்காளி' என்பதும் இதை ஒத்தது. காவற்படைக்கும் படைக்குமாகச் சென்ற சீக்கியர் கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறியதால் அப்பெயர் வந்தது.

இவ்வெடுத்துக்காட்டுகள் ஒரு பொதுநிலையைக் காட்டுகின்றன. இடப்பெயர் தொழிற்பெயராக விரிவதற்கு அவ்விடத்து மக்கள் அருகில் திரளாக இல்லாதிருக்க வேண்டும். வங்காளத்திலும் அவதிலும் தெலுங்குக் குடிகள் பெருகி வாழ்ந்திருந்தால், 'திலங்கா' என்றதும் அவர்கள்தாம் நினைவுக்கு வந்திருப்பர். சொல் படையாளின் பொதுப்பெயராகியிராது. முதலில் சென்ற தென்னாட்டு வீரர் திரும்பினர், அல்லது மறைந்தனர். சொல்லுக்கு உரியவர் இல்லாத நிலையில், உடையும் பயிற்சியும் யாரிடம் இருந்தனவோ அவரிடம் சொல் சென்று சேர்ந்தது. இதைப் பொதுப்பொருட்பேறு என்று மட்டும் குறித்து முடித்துவிடுதல் போதாது. அது எங்கு நிகழ்கிறது, எங்கு நிகழ்வதில்லை என்பதற்கான விடை மக்கள் குடியேற்றத்தில் இருக்கிறது.

நிகழாத இடம் ஐதராபாத். நிசாமின் தலைநகரில் தெலுங்கர் திரளாக வாழ்ந்த குடிகள். காய்கறி விற்பவரும் கல் உடைப்பவரும் ஏரிக்கரை காப்பவரும் தெலுங்கர். அங்கு 'தெலங்கி' என்ற சொல் மொழியையும் குடியையுமே குறிக்க முடியும். படையாளுக்கு அங்கு வேறு பெயர் தேவைப்பட்டது. அதை வழங்க வேறு வெளியூரார் இருந்தனர்.

நிசாமின் ஒழுங்குசாராப் படைகளின் பட்டியலே ஒரு நிலப்படம் போன்றது. தென்னரேபியாவின் ஹத்ரமௌத்திலிருந்து வந்த அரபுகள். ஆப்கானிய வழியினரான ரோகில்லாக்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சித்திகள் என்னும் ஹப்ஷிகள். சந்து லால் அமைச்சராக இருந்த காலத்தில் இரஞ்சித் சிங் பஞ்சாபிலிருந்து அனுப்பிய சீக்கியர். இச்சீக்கியப் படைக்கு நகரம் இட்ட பெயர் 'லாகூரி ஃபௌஜ்', லாகூர்ப் படை. 1857 ஜூலை 17ஆம் நாள் துர்ரேபாஸ் கானும் மௌலவி அலாவுத்தீனும் ஆங்கிலேய ரெசிடென்சியைத் தாக்கியபோது அவர்களோடு சென்றவர்களை ஆவணங்கள் ரோகில்லாக்கள் என்றே குறிக்கின்றன. இப்பெயர்கள் எவையும் திலங்காவைப் போலப் படையாளின் பொதுப்பெயராக விரியவில்லை. காரணம் முன்னர்க் கூறியதே: அந்த மக்கள் திரும்பிச் செல்லவில்லை. மணம் முடித்து, குடியமர்ந்து, பள்ளிவாசலும் குருத்துவாராவும் கட்டிக்கொண்டு நகரத்திலேயே தங்கிவிட்டனர். உரியவர் அருகிலேயே வாழ்ந்ததால் பெயர் அவர்களை விட்டு அகலவில்லை; இனப்பெயராகவே உறைந்தது. சீக்கியர் குடியிருந்த பகுதி இன்றும் 'சிக் சாவ்னி', சீக்கியப் பாளையம், எனப்படுகிறது. ஆப்பிரிக்கக் குதிரைக் காவற்படையின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம் 'ஏ.சி. கார்ட்ஸ்' என்னும் குடியிருப்புப் பகுதியின் பெயராக நிற்கிறது. நகரின் தென்பகுதியில் அரபுகள் வாழும் 'பார்க்கஸ்', 'பாரக்ஸ்' என்னும் படைக்குடியிருப்புச் சொல்லின் திரிபு.

அழிந்துபோன சொல்லும் ஒன்று உண்டு. 1751இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, சலாபத் ஜங்கை அரியணையில் அமர்த்தத் தக்கணத்திற்கு வந்தார். 1758 வரை அங்கிருந்தார். அவரிடம் பயிற்சி பெற்ற சிப்பாய்கள் 'கார்டி' எனப்பட்டனர். காவல் என்னும் பொருளுடைய 'கார்த்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இது வந்தது என்பர். புஸ்ஸியின் படையில் தேர்ந்த இப்ராகிம் கான் கார்டி பின்னர் மராட்டியரிடம் சேர்ந்து, 1761 சனவரி 14இல் நடந்த பானிப்பட்டுப் போரில் அவர்களுடைய பீரங்கிப் படையை நடத்தினார். போருக்குப் பின் கொல்லப்பட்டார். 1773இல் புனேயில் பேஷ்வா நாராயணராவைக் கொன்றவர்களும் கார்டிகளே. இச்சொல்லுக்கு ஊருமில்லை, பதவியுமில்லை. பயிற்சி முறை ஒன்றே அதன் பொருள். எல்லாப் படைகளும் அப்பயிற்சியைப் பெற்றபின் வேறுபடுத்திச் சொல்ல எதுவும் எஞ்சவில்லை, சொல்லும் வழக்கிழந்தது. 1798இல் இறந்த பிரெஞ்சுத் தளபதி ரேமோனின் பெயர் மட்டும் 'மூசா ராம்' என்றும் 'மூசா ரகீம்' என்றும் மக்கள் நாவில் திரிந்து, மூசாராம்பாக் என்னும் பகுதியின் பெயராக எஞ்சியது.

இனிப் படை இட்ட பெயர்கள். இவற்றின் வழி வேறு. 'லஷ்கர்' என்பது பாரசீகத்தில் பெரும்படை. நிசாம் சிக்கந்தர் ஜா பெயரால் 1806இல் உருவான பாளைய நகரமான செகந்திராபாத்தை மக்கள் 'லஷ்கர்' என்றனர். உஜ்ஜயினி மகாங்காளி கோயிலின் ஆடித் திருவிழா இன்றும் 'லஷ்கர் போனாலு'. 1813இல் கொள்ளைநோய் பரவிய காலத்தில் உஜ்ஜயினிக்கு மாற்றப்பட்ட படைப்பிரிவில் டோலி தூக்குபவராக இருந்த சூரிட்டி அப்பையா நேர்ந்துகொண்டு, திரும்பி வந்து, 1815இல் அம்மனை நிறுவினார் என்பது கோயில் மரபு. படையின் பெயர் தெய்வத் திருவிழாவுக்கு ஏறிய இடம் இது. அதே சொல் கடலில் இறங்கி ஐரோப்பியக் கப்பல்களின் ஆசிய மாலுமிக்குப் பெயராயிற்று. போர்த்துகீசியர் வழியாக இலங்கையில் 'லஸ்கரீன்' என்னும் உள்நாட்டுப் படையாளாயிற்று. தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையில் கால்வாயின் மதகைத் திறந்து மூடும் கடைநிலை ஊழியரான 'லஸ்கர்' ஆயிற்று.

செகந்திராபாத்தில் தங்கியிருந்தது பெரும்பாலும் சென்னைப் படை. அதன் பின்னே வணிகராகவும் எழுத்தராகவும் பணியாளராகவும் தமிழரும் வந்து அங்குக் குடியேறினர். பெயரிடும் வழக்கம் வெள்ளை அதிகாரிகளையும் விட்டுவைக்கவில்லை. சென்னை மாகாணத்து அதிகாரிகளை வங்காள, பம்பாய் மாகாணத்தார் 'மல்' என்று கேலி செய்தனர். மிளகுத்தண்ணீரின் ஆங்கிலத் திரிபான 'மல்லிகடானி'யின் சுருக்கம் அது. ஊர் இட்ட பெயரைப் போலவே இதுவும் பிறர் இட்டது, பிறந்த ஊருக்குப் பதில் உண்ட உணவைச் சுட்டியது.

பதவிப்பெயர்களின் இறக்கத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது 'சிப்பந்தி'. பாரசீக 'சிஹ்பந்தி' என்பதிலிருந்து வந்த இச்சொல், வரி தண்டுவதற்காகத் திரட்டப்பட்ட ஒழுங்குசாராப் படையாளைக் குறித்தது. 'சிஹ்' என்றால் மூன்று. மூன்று மாதத்திற்கொரு முறை சம்பளம் பெற்றதால் இப்பெயர் என விளக்குவர். அறுவடைக் காலத்தில் ஊருக்குள் ஆயுதத்தோடு வந்து நிலவரி கேட்டவன் அவன். இன்று தமிழில் சிப்பந்தி உணவகத்திலோ கடையிலோ பணிபுரிபவர். தெலுங்கில் 'சிப்பந்தி' மருத்துவமனை, பேருந்துப் பணிமனை, பள்ளி முதலிய எந்நிறுவனத்தின் ஊழியர் தொகுதிக்கும் உரிய இயல்பான சொல். ஐதராபாத் நாளிதழ் ஒன்றில் செவிலியர் சிப்பந்தி பற்றாக்குறை என்று படிக்கும் எவருக்கும் வாளேந்திய வரிதண்டல் படை நினைவுக்கு வருவதில்லை.

'பியூன்' என்பதும் இத்தகையதே. போர்த்துகீசிய மொழியில் 'பியாவ்' காலாள். கோட்டைகளையும் பண்டகசாலைகளையும் காத்த ஆயுதக் காவலரைக் கம்பெனி இச்சொல்லால் குறித்தது. சதுரங்கக் காலாளுக்குரிய ஆங்கிலச் சொல்லும் இதே இலத்தீன் வேரினது. பியூன் இன்று கோப்பு தூக்குகிறார். சதுரங்கப் பலகையில் மட்டுமே அவருடைய போர் தொடர்கிறது. தமிழுக்கே உரிய முன்மாதிரியும் உண்டு: 'சேவகம்' பழந்தமிழில் வீரத்தையும் குறித்தது, சேவகன் வீரன், பின்னர்ச் சேவகன் ஏவலாளானான். இழிபொருட்பேறு என்று இலக்கணம் இதற்குப் பெயரிடும். ஆனால் இறங்கியது சொல் மட்டுமன்று. அரசுகள் படைகளைக் கலைத்தபோது, முன்னாள் படையாளுக்குத் திறந்திருந்த கதவு பெரும்பாலும் அலுவலக வாயிற்கதவுதான். அவன் தன் பதவிப்பெயரையும் உடன்கொண்டு அங்குச் சென்றான்.

இறக்கம் இயற்கை விதியன்று என்பதற்கு 'ஜமேதார்' சான்று. சிறு படைக்கூட்டத்தின் தலைவன் என்பது அதன் பொருள். வடநாட்டு நகரங்கள் பலவற்றில் அது தெருக்கூட்டும் தொழிலாளியை அழைக்கும் சொல்லாகத் தாழ்ந்தது. ஐதராபாத்தில் நிலை வேறு. அங்கு அரபு ஜமேதார்கள் அமைச்சர்களுக்கே கடன் கொடுத்தனர். ஈடாக நிலவரி உரிமைகளைப் பெற்றனர். அவர்களுள் ஒருவர் உமர் பின் அவத் அல்குஐதி. ஐதராபாத்தில் ஈட்டிய பொருளால் அவருடைய மக்கள் ஹத்ரமௌத்தில் ஓர் அரசையே நிறுவினர்; ஷிஹ்ர் துறைமுகமும், 1881இல் முகல்லாவும் அவர்கள் வசமாயின. 1882இல் ஆங்கிலேயரோடு உடன்பாடு செய்துகொண்ட அவ்வரசர்க்குரிய பட்டம் 'ஜமேதார்'. தக்கணத்தின் படைப்பதவி ஒன்று அரபிக் கடலைக் கடந்து அரசப் பட்டமாயிற்று. ஒரே சொல் ஓரிடத்தில் துடைப்பத்தையும் வேறோரிடத்தில் செங்கோலையும் ஏந்தியது. அவ்வேறுபாட்டை விளக்க ஒலியியலோ சொற்பிறப்போ உதவாது. சம்பளத்தைக் கொடுப்பவனாக இருந்தானா, பெறுபவனாக இருந்தானா என்பதே விளக்கும்.

இறுதியாகச் 'சாவுஷ்'. துருக்கிய மொழியில் 'சாவுஷ்' என்பது படைத் தூதன், பின்னர்ச் சிறு படையதிகாரி. இன்றைய துருக்கிப் படையிலும் சார்ஜெண்டுக்கு அதுவே பெயர். உதுமானியப் பேரரசின் வழியே அரபு மொழிக்குள் சென்ற இச்சொல், ஐதராபாத்தில் ஹத்ரமி அரபுப் படையாளைக் குறித்தது. பிற பதவிப்பெயர்களைப் போலவே இதுவும் படை கலைந்தபின் ஓர் ஊழியப்பெயராக இறங்கியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. அது ஒரு சமூகத்தின் பெயராயிற்று. ஐதராபாத்திலும் மராத்வாடாவிலும் குடும்பப் பெயராகவும் வழங்குகிறது. மூன்று நான்கு தலைமுறைகளாகப் படைக்கலம் தொடாத ஆசிரியரும் கடைக்காரரும் ஓட்டுநரும் சாவுஷ் எனப்படுகின்றனர்.

திலங்கா இடப்பெயராகப் பிறந்து தொழிற்பெயரானது. சாவுஷ் பதவிப்பெயராகப் பிறந்து இனப்பெயரானது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் சென்றவை, காரணமும் எதிரெதிரானதே. ஒன்றில் மக்கள் நீங்கினர், தொழில் எஞ்சியது. மற்றொன்றில் தொழில் நீங்கிற்று, மக்கள் எஞ்சினர். எஞ்சிய மக்களை 'இவர் யார்' என்று ஊர் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு விடையாகப் பழைய பதவியையே பெயராக வைத்துக்கொண்டது.

அக்கேள்வி 1948இல் சொல்லாராய்ச்சியாக மட்டும் இருக்கவில்லை. செப்டம்பர் 13 முதல் 17 வரை நடந்த படை நடவடிக்கைக்குப் பின் ஐதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. நிசாமின் படைகள் கலைக்கப்பட்டன. வேலையிழந்தோருள் அரபுகளும் இருந்தனர். அவர்களை வெளிநாட்டாராகக் கருதிய அரசு, பலரைக் காவலில் வைத்தது. ஏடன் வழியாகத் திருப்பி அனுப்ப முயன்றது. அப்போது ஹத்ரமௌத்தில் கடும் பஞ்சம். அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் அவர்களை ஏற்கத் தயங்கினர். சிலர் கப்பலேற்றப்பட்டனர், பலர் இங்கேயே தங்கினர். அவர்களுள் ஐதராபாத்திலேயே பிறந்தோரும் இருந்தனர். உள்ளூர்த் தாய்மாருக்குப் பிறந்து, தக்கணி உருதுவையே வீட்டு மொழியாகக் கொண்டோரும் இருந்தனர். நிசாமின் சம்பளப் பட்டியலில் 'அரபு' என்பது ஒரு படைப்பிரிவின் பெயராகவும் இருந்தது. அதைப் பிறப்பிடத்தின் பெயராக மட்டும் படித்தால், ஒருவர் தாம் பிறந்த ஊரிலேயே வெளிநாட்டாராகிவிடுவார்.

ஆவணங்களைப் படிப்போர்க்கு இதில் பயன் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட வடநாட்டு ஆவணத்தில் 'திலங்கா' என்று கண்டால், அங்குத் தெலுங்கர் குடியேறியிருந்தனர் என்று முடிவு செய்யக்கூடாது. இருபதாம் நூற்றாண்டு ஐதராபாத் ஆவணத்தில் 'சாவுஷ்' என்று கண்டால், அவர் படையில் இருந்தார் என்று முடிவு செய்யக்கூடாது. 'ஜமேதார்' என்று கண்டால், எந்த நகரம் என்று பார்க்காமல் எதையும் கூறலாகாது. அகராதி வேரைத் தரும். அச்சொல் எழுதப்பட்ட ஆண்டில் அவ்வூரில் யார் தங்கியிருந்தனர், யார் நீங்கியிருந்தனர், யார் யாருக்குச் சம்பளம் கொடுத்தனர் என்பதை வேறு ஆவணங்களிலிருந்துதான் பெற வேண்டும்.

பார்க்கஸ் பகுதியில் திருமணம் நடந்தால் இன்றும் 'மர்ஃபா' என்னும் ஹத்ரமி முரசு முழங்கும். ஐதராபாத் நகரின் பிற வகுப்பாரும் அதைத் தம் ஊர்வலங்களில் சேர்த்துக்கொண்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. முரசைக் கேட்டு ஆடுவோர் அதை ஐதராபாத்தின் இசை என்றே அறிவர். அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. முரசுக்குக் கிடைத்த அந்த ஏற்பு, முரசு கொட்டியவர்களின் பெயருக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.